பாதிக் கிண்ணம்

முழுங்கு. முழுங்கிவிட்டேனா? இல்லை, நாக்கின் இடப்பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நிற்கிறது, வலப்பக்கத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அந்தக் கன்னம் பேருக்குத்தான் என்னுடையது, அதற்குள் ஒரு வாய்ச் சோறு போய்ப் பதுங்கிக்கொண்டால் பொழுது சாயும்வரை அங்கேயே கிடக்கும், எனக்குத் தெரியவே தெரியாது, வாய் கழுவிவிடும்போது ஜெபராணிதான் கண்டுபிடித்து எடுப்பாள், முகம் சுளிக்க மாட்டாள். இந்த இல்லத்தில் என்னைப் பார்த்துக்கொள்கிற பெண் அவள். எனக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு, என் முகத்துக்கு நேராக அவள் முகம் வருகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறாள், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை, என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். குரல்வளை ஒரு தடவை மேலே ஏறி இறங்க வேண்டும். இறங்கினால்தான் அடுத்த கரண்டி. பக்கவாதம் வந்து படுக்கும்வரைக்கும் தொண்டைக்குள் இப்படி ஒரு சாமான் ஏறி இறங்குகிறது என்பதே எனக்குத் தெரியாது, காலமெல்லாம் பஸ் ஓட்டியவனுக்குக் கிளட்ச் தெரியும், கியர் தெரியும், சொந்தத் தொண்டையைப் பற்றி ஒரு மண்ணும் தெரிந்திருக்கவில்லை. "இன்னொரு மட்டம் வெறும் வாய முழுங்குங்கய்யா. நாடியக் கீழ கொண்டாங்க, நெஞ்சப் பாத்து. ஆங், அப்படித்தான்." மோவாயை நெஞ்சோடு ஒட்டி, மூச்சைப் பிடித்து, முழுங்கு. "போயிட்டு," என்கிறாள் ஜெபராணி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. கோவில்பட்டி டெப்போவில் பூவலிங்கம் வண்டி என்றால் பாசஞ்சர்கள் கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொள்வார்கள், அந்தப் பூவலிங்கம் இன்று ஒரு கரண்டி பருப்புச் சோற்றை முழுங்கியதற்குப் பாராட்டு வாங்குகிறான். சிரிப்பு வருகிறது. சிரிக்கக் கூடாது, சிரித்தால் புரையேறும், புரையேறினால் இன்றைக்கு எல்லாம் போச்சு.

இன்றைக்கு என்று சொன்னால் இன்றைக்குத்தான். கட்டிலின் கால்மாட்டில் பிலோமினா சிஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள், இங்கே நர்ஸுகளுக்கெல்லாம் அவர்கள்தான் மூத்தவர்கள், வழக்கமாக ஒருத்தர் சாப்பிடுவதை நின்று பார்க்கிற ஆள் இல்லை. ஆரம்பிக்கும்போதே சொல்லிவிட்டார்கள், ஒளிக்காமல், என் முகத்தைப் பார்த்தே சொன்னார்கள், அதுவும் ஒரு மரியாதைதான். "அய்யா, ஒங்க எடை எறங்கிக்கிட்டே வருது. நெஞ்சுல வேற ரெண்டு மட்டம் சளி கட்டிட்டு. இந்தக் கிண்ணம் முழுசும் இருமாமப் போகணும். போகலைன்னா சாயங்காலம் டாக்டர் வந்து மூக்குல குழாய் வச்சிருவாக. அதுக்கப்புறம் வாய் வழியா ஒண்ணும் கெடையாது." அதுக்கப்புறம் ஒண்ணும் கெடையாது. எதிர்க்கட்டில் மனிதருக்கு அந்தக் குழாய் இருக்கிறது. பெரிய ஊசிக்குழாயில் பழுப்பு நிறத் தண்ணியை ஊற்றுகிறார்கள், மூக்கு வழியாக நேரே வயிற்றுக்குப் போகிறது, அவருக்குச் சாப்பிட்ட சேதி வயிறு சொல்லித்தான் தெரிய வேண்டும். பிடுங்கிப் போட்டுவிடுகிறார் என்று இரண்டு கைக்கும் துணியால் உறை போட்டுக் கட்டியிருக்கிறார்கள். அவருக்கு முன்னால் ஒருநாள் யாரோ ஆரஞ்சு உரித்தார்கள். அந்த வாசனை வந்ததும் அவர் தலையைத் திருப்பின திருப்பலை நான் பார்த்தேன். எனக்கு அது வேண்டாம். பேச்சு போச்சு, சரி, வலது கை போச்சு, வலது கால் போச்சு, எல்லாம் ஒரே காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போயின, நான் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. நாக்கையாவது விட்டுவையுங்கள். பருப்பு பருப்பாக இருக்கிறது, சுரைக்காய் சுரைக்காயாக இருக்கிறது, அந்த ஒரு வித்தியாசம்தான் எனக்குக் காலைக்கும் மத்தியானத்துக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம். ஜெபராணி வருவதற்கு முன்னால் இருந்தவள் எல்லாவற்றையும் ஒன்றாக மிக்ஸியில் போட்டு, மாத்திரையையும் பொடித்து அதிலேயே கொட்டி, நின்றபடியே மேலேயிருந்து கரண்டியை இறக்குவாள், "தாத்தா, ஆ காட்டுங்க, குட் பாய்." மேலேயிருந்து கரண்டி வந்தால் நாடி தானாக மேலே போகும், நாடி மேலே போனால் சோறு நெஞ்சுக்குள் வழி தவறும். சளி அப்படிக் கட்டினதுதான். இவள் வந்த அன்றைக்கே சோற்றையும் காயையும் தனித்தனியாக அரைக்கச் சொல்லிச் சமையல்காரரிடம் மல்லுக்கு நின்றாள். கிண்ணத்தில் இந்தப் பக்கம் பருப்புச் சோறு, அந்தப் பக்கம் சுரைக்காய், நடுவில் கோடு போட்ட மாதிரி. ஒவ்வொரு கரண்டிக்கும் முன்னால் இன்னது என்று சொல்வாள். கிண்ணம் கிட்டத்தட்டப் பாதி காலி, ஒரு இருமல் இல்லை, தொண்டை இன்றைக்குச் சொன்ன பேச்சுக் கேட்கிறது, சிஸ்டரின் முகம்கூட லேசாகிவிட்டது. ஜெயித்துவிடுவேன் என்றுதான் தோன்றுகிறது.

ஜெபராணிக்குப் பின்னால், சுவரோரம், வடிவு நிற்கிறாள். சங்கரவடிவு, என் வீட்டுக்காரி. என்னைத் தூக்கி உட்கார வைக்கப் போய் இரண்டு பேருமாகக் குளியலறையில் விழுந்த பிறகு, ஓசூரிலிருந்து மகள் வந்து பார்த்து அழுது, பைபாஸ் ரோட்டோரத்தில் இருக்கிற இந்த இல்லத்தில் என்னைக் கொண்டுவந்து சேர்த்தாள், அதிலிருந்து வடிவு தினமும் மத்தியானம் டவுன் பஸ் ஏறி வந்துவிடுகிறாள், கையில் ஒரு வயர்க்கூடை, அதற்குள் அவள் சாப்பாடு. கட்டிலை ஒட்டி நாற்காலி கிடக்கிறது, உட்கார மாட்டாள். நான் சாப்பிட்டு முடித்தால்தான் கூடையைத் திறப்பாள். எங்கள் பக்கத்தில் பழைய பெண்கள் எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான், ஆனால் இவள் அதைக் கொஞ்சம் அதிகமாகவே பிடித்துக்கொண்டாள். நான் டூட்டியில் எங்கேயோ ஒரு ஓட்டலில் வண்டியை ஓரங்கட்டி, கை கழுவின ஈரம் காய்வதற்குள் பரோட்டாவை உள்ளே தள்ளிவிட்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருப்பேன், இவள் வீட்டில் எனக்காகக் காத்திருப்பாள். ஏட்டி, நேரத்துக்குத் தின்னுருக்க வேண்டியதுதானே என்று எத்தனை தடவை ஏசியிருக்கிறேன். "ஆமா, ஒங்களுக்கு முந்தித் தின்னு நான் என்னத்தக் கண்டேன்" என்பாள், அத்தோடு பேச்சு முடிந்தது. அவளோடு பேசி ஜெயித்தவன் இன்னும் பிறக்கவில்லை. சரி, இங்கேயும் அதே கதைதான், நான் முழுங்க முழுங்க அவள் வாயும் கூடவே மெல்லுகிற மாதிரி லேசாக அசையும், எனக்கு அதைப் பார்த்தாலே பாதித் தெம்பு வரும். இன்றைக்கு வாய் அசையவில்லை. இன்றைக்கு ஏன் அசையவில்லை? மேலுதட்டில் என்ன மினுமினுக்கிறது? வியர்வை. ஃபேன் தலைக்கு நேரே ஓடுகிறது, சிஸ்டருக்கு வியர்க்கவில்லை, ஜெபராணிக்கு வியர்க்கவில்லை, இவளுக்கு மட்டும் ஏன் வியர்க்கிறது?

"அய்யா, இது சுரைக்கா." வாயைத் திற. இடப்பக்கம் வைக்கிறாள். நாக்கால் தள்ளு. ஊசி. ஊசி போட்டுக்கொண்டுதானே வந்திருப்பாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தி ஒரு ஊசி, போட்டால் அரைமணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை அடியோடு இறங்கிவிடும், எனக்குத் தெரியாதா, இத்தனை வருஷம் அவளுக்கு இன்சுலின் போட்டுவிட்டது இந்தச் செத்த கைதானே. புஜத்தில் சதையைக் கிள்ளிப் பிடித்து ஒரு குத்து, "போட்டாச்சா?" என்று கேட்பாள், போட்டு எடுத்தே நாழியாகியிருக்கும். இப்போது தானே வயிற்றில் போட்டுக்கொள்கிறாள். வீட்டில் போட்டுக்கொண்டு, சேலையை மாற்றி, பஸ் ஏறி, இங்கே வந்து சேரும்போது ஜெபராணி எனக்குக் கடைசிக் கரண்டியைக் கொடுத்துக்கொண்டிருப்பாள், அந்தக் கணக்கு ஒருநாளும் தப்பினதில்லை. இன்றைக்குத் தப்பிவிட்டது. சிஸ்டர் முன்னால்தான் சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்றார்கள், சிஸ்டர் கீழே யாரையோ புதிதாகச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள், வரத் தாமதம், வடிவு வந்து வெகுநேரம் கழித்துத்தான் கிண்ணமே வந்தது. "முழுங்குங்கய்யா." முழுங்கு. முழுங்கினேன். இன்னொரு மட்டம். ஊசி போட்டிருப்பாள், ஒருவேளை மறந்திருந்தால் நல்லது, மறக்கிற ஆளா, நான் சாப்பிட்ட நேரத்தைக்கூட மறக்காதவள் ஊசியை மறப்பாளா. இதோ கொட்டாவி விடுகிறாள். முதலில் வியர்வை, அடுத்தது கொட்டாவி, அதற்கடுத்துக் கை நடுக்கம், அதற்கடுத்துச் சம்பந்தமில்லாமல் ஒரு கோபம், அப்புறம் பேச்சு குழறும், அப்புறம் நின்ற இடத்தில் சாய்வாள். எனக்கு இது மனப்பாடம். ஒருநாள் மத்தியானம் டூட்டி மாறி வீட்டுக்கு வந்தபோது அடுப்படியில் கிடந்தாள், பக்கத்தில் சோறு வடித்தபடி இருக்கிறது, ஒரு பருக்கை தின்னவில்லை, நாக்குக்கு அடியில் சீனியை வைத்துத் தேய்த்துத் தேய்த்து என் கையெல்லாம் பிசுபிசு, கடைசியில் கண்ணைத் திறந்தாள். திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "சாப்பிட்டீகளா?" அன்றைக்கு எனக்குக் கை இருந்தது. சீனி டப்பா எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது. வடிவு, என்று கத்த வாய் இருந்தது.

இப்போதும் கத்துகிறேன். வருவது என்ன? "ம்ம்ஆ." அடுத்த கரண்டியைக் கையில் எடுத்திருந்த ஜெபராணி நிறுத்துகிறாள். "என்னய்யா? சூடா இருக்கா?" இல்லை. தலையை ஆட்டுகிறேன். இடது கையைத் தூக்கி வடிவைக் காட்டுகிறேன், அவளைப் பார், என் தொண்டையைப் பார்த்தது போதும், திரும்பி அவளைப் பார். "அம்மா இங்கதான் இருக்காக, எங்கயும் போகல" என்கிறாள் ஜெபராணி திரும்பாமலே. அவளைக் குற்றம் சொல்ல முடியாது, என் தொண்டையிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது என்பதுதான் அவள் வேலை, அந்த வேலையை அவள் ஒழுங்காகச் செய்கிறாள், ஒழுங்காகச் செய்வதுதான் இப்போது என் பிராணனை வாங்குகிறது. வடிவு முன்னால் வந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்கிறாள். பிடித்த கை நடுங்குகிறது, கம்பியில் வளையல் மெல்லத் தட்டுகிறது. "இந்தா இருக்கேன்லா. நல்லாச் சாப்பிடுங்க. இன்னும் பாதிதான்." கூடை. கூடையைக் காட்டு. விரலை நீட்டி அந்த வயர்க்கூடையைக் காட்டுகிறேன், காட்டி என் வாயைக் காட்டி, இல்லை, என் வாயைக் காட்டக் கூடாது, அவள் வாயைக் காட்ட வேண்டும், அதற்குள் கையைத் தூக்கிப் பிடிக்கத் தெம்பில்லாமல் அது என் மார்பில் விழுந்துவிட்டது. வடிவின் முகம் மலர்ந்துவிட்டதே! "வீட்டுக் கொழம்பு கேக்காக! ஜெபராணி, பாத்தியா, எங்கொழம்பு வேணுமாம்." "அது குடுக்கக்கூடாதும்மா." "ஏட்டி, தெரியாதா எனக்கு, வாசனையாவது பிடிக்கட்டும்." கூடையைத் திறந்துவிட்டாள். டப்பாவைத் திறந்துவிட்டாள். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, நல்லெண்ணெய் மிதக்கிறது, சோறு ஒரு பக்கம், அவளுக்கு அளந்து வைத்த சோறு. அதை என் மூக்குக்குக் கீழே பிடிக்கிறாள், குழம்பு டப்பாவுக்குள் அலை அடிக்கிறது, கை அப்படி நடுங்குகிறது. எனக்கு எச்சில் ஊறி வாய் நிறைகிறது, இந்த எச்சிலை முழுங்குவது சோற்றைவிடக் கஷ்டம். சோறு கையில் இருக்கிறது, புண்ணியவதி, உன் கையில் இருக்கிறது, ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொள். ஒரே ஒரு வாய். உன் நாக்கில் பட்டால் போதும். நான் அவள் கண்ணையே பார்க்கிறேன், உலகத்தில் இத்தனை வருஷம் சேர்ந்து கிடந்த இரண்டு பேருக்கு ஒரு பார்வை போதாதா? "ஒங்களுக்குக் குணமாகட்டும், சட்டி நெறையா வச்சுத் தாரேன்," என்று சொல்லி டப்பாவை மூடிவிட்டாள்.

சரி. அப்படியென்றால் சீக்கிரம் முடிப்போம். பாதிக் கிண்ணம்தானே. ஓட்டலில் பரோட்டாவை விழுங்கினவன்தானே நான், ஸ்டாண்டில் வண்டியைப் போட்டுவிட்டு டைம் கீப்பர் விசில் அடிப்பதற்குள் நாலு இட்லியும் வடையும் உள்ளே போயிருக்கும். ஜெபராணி கரண்டியைக் கொண்டுவருவதற்கு முன்னாலேயே வாயைத் திறக்கிறேன். "அய்யாவுக்கு இன்னைக்கு நல்ல பசி," என்று சிஸ்டர் சிரிக்கிறார்கள். பருப்பு. முழுங்கு. திற. சுரைக்காய். முழுங்கு, இன்னொரு மட்டம் முழுங்கு என்கிறாள், நேரமில்லை, திற. "மெதுவாய்யா, ஒண்ணும் அவசரமில்ல." அவசரமில்லையா? வடிவு கம்பியை விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்திருக்கிறாள், உதடு வெளுத்திருக்கிறது, கன்னத்தோரம் முடி வியர்வையில் ஒட்டியிருக்கிறது, அவசரமில்லை என்கிறாள் இந்தப் பெண். திற. பருப்பு, தொண்டையில் நிற்கிறது, ஏறவில்லை, இறங்கவில்லை, நாடி கீழே, நாடியைக் கீழே கொண்டு போ, போச்சு. இருமல் வந்துவிட்டது. நெஞ்சைப் பிய்த்துக்கொண்டு வருகிறது, கண்ணில் நீர், மூக்கில் பருப்பு, ஜெபராணி என்னை முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொள்கிறாள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, இருமுங்க, நல்லா இருமி வெளிய தள்ளுங்க." துண்டால் துடைக்கிறாள், முதலில் கண்ணை, அப்புறம் மூக்கை, சிஸ்டர் பார்க்காத மாதிரி தன் தோளால் மறைத்துக்கொண்டு. மறைத்து என்ன செய்ய, இருமல் தெருவுக்கே கேட்டிருக்கும். சிஸ்டர் சொல்கிறார்கள், "ஒரு மட்டம்தானே, பரவால்ல. அவசரப்பட்டுட்டாரு. பத்து நிமிஷம் விட்டுட்டு மெள்ளக் குடு, மிச்சத்தையும் சாப்பிட்டுட்டார்னா நான் டாக்டர்ட்ட பேசிக்கிடுதேன்." பத்து நிமிஷம் விட்டு, மெள்ள. அதாவது எனக்கு இன்னும் வழி இருக்கிறது. மெள்ளச் சாப்பிட்டால் நாக்கு எனக்கு. மெள்ளச் சாப்பிட்டால் பருப்பு எனக்கு, சுரைக்காய் எனக்கு, என்றைக்காவது சட்டி நிறைய அந்தக் குழம்பும் எனக்கு.

"எதுக்கு இப்படி அள்ளி அள்ளித் திணிக்க?" வடிவின் குரல். ஜெபராணியைப் பார்த்துக் கத்துகிறாள். "ஒனக்கு வேற வேலை இருந்தாப் போ, எங்காளுக்கு நான் குடுத்துக்கிடுதேன்." ஜெபராணி திகைத்துப்போய், "நான் திணிக்கலியேம்மா" என்கிறாள். வடிவு அவளை ஒருநாளும் இப்படிப் பேசினதில்லை, பிச்சிப்பூ வாங்கிக்கொண்டு வந்து அவள் தலையில் வைத்துவிடுகிறவள். கோபம் வந்துவிட்டது. அடுத்தது பேச்சு. அதற்கடுத்தது தரை. இவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஒரு அறையில் மூன்று பேர் ஆறு கண்ணால் ஒரு தொண்டையைப் பார்த்தால் மற்றதை யார் பார்ப்பது? பத்து நிமிஷம் விட்டு, மெள்ள, பாதிக் கிண்ணம். அவளால் நிற்க முடியாது. நான் முடிக்காமல் அவள் தின்ன மாட்டாள். நான் முடித்தால். முடித்தால் என்றால் என்ன? கிண்ணம் காலியானால்தான் முடித்ததா? ராத்திரி டூட்டி முடிந்து வந்து எத்தனை நாள் ஒரு வாய் வைத்துவிட்டுக் களைப்பில் போதும் என்று எழுந்திருக்கிறேன், அன்றைக்கும் அது முடிந்த சாப்பாடுதான், அன்றைக்கும் நான் கை கழுவினதும் அவள் உட்கார்ந்தாள். போதும் என்று சொல்ல எனக்குப் பேச்சு வேண்டியதில்லை. எழுந்திருக்கக் கால் வேண்டியதில்லை. இந்தப் பாழாய்ப்போன உடம்பில் நான் நினைத்தால் நடக்கிற காரியம் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ஐயோ, அதுவா? அதையா கொடுக்க வேண்டும்? துணி உறை. ஊசிக்குழாய். பழுப்புத் தண்ணி. எனக்குப் பயமாக இருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சாவைவிட அந்தக் குழாய்தான் பயம். நாளைக்கு இது சுரைக்காய் என்று சொல்ல ஜெபராணி என் எதிரே வந்து உட்கார மாட்டாள், உட்கார ஒரு காரணமும் இருக்காது.

"இப்ப ஒரு வாய் பாப்பமாய்யா? கொஞ்சூண்டு. இது பருப்பு." என் மூச்சு நிதானப்பட்டதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறாள். கரண்டி கீழ் உதட்டைத் தொடுகிறது. வெதுவெதுப்பு, கொஞ்சம் நெய், பெருங்காயம். நான் வாயை மூடிக்கொள்கிறேன். வலப்பக்க உதடு மூடாது, அது வழியாகக் காற்றுப் போகும், அதனால் பல்லைக் கடித்துக்கொள்கிறேன். ஜெபராணி காத்திருக்கிறாள், அவளுக்குக் காத்திருக்கத் தெரியும். "நல்லாத்தானே போய்க்கிட்டிருந்துச்சு. இருமுனதுல பயந்துட்டீகளா? நான் பிடிச்சுக்கிடுவேன், பயப்படாதீக." இந்தக் குரலுக்கு வாயைத் திறக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம். தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறேன். வேண்டாம். "என்ன வேண்டாம்? என்ன வேண்டாங்கேன்?" வடிவு கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். "எங்கையால வாங்கிக்கிடுவாக. ஏங்க. இங்கேருங்க. வாயத் தொறங்க." கரண்டி என் பல்லில் கடகடவென்று அடிக்கிறது, பருப்பு நாடியில் வழிகிறது, அவள் கையில் பிடி இல்லை. "தொறங்க. கொழா வச்சிருவாகளாம். கேட்டீகளா, மூக்குல வச்சிருவாகளாம். நான் சொல்லிக் கேக்காம யாரு சொல்லிக் கேப்பீக? யாரு மேல இந்த வீம்பு? ராசாத்தி, நீயாவது சொல்லுட்டி." ராசாத்தி எங்கள் மகள், ஓசூரில் இருக்கிறாள். ஜெபராணியைப் பார்த்து ராசாத்தி என்கிறாள். யாரும் கவனிக்கவில்லை, பதற்றத்தில் பேர் மாறிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நான் பல்லை இன்னும் இறுக்குகிறேன், கண்ணை மூடிக்கொள்கிறேன், அவள் அழுகிறாள், என்னைக் கெஞ்சுகிறாள், கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை எதற்கும் கெஞ்சினதில்லை. திறக்காதே. பூவலிங்கம், திறக்காதே.

"விடுங்கம்மா," என்கிறார்கள் சிஸ்டர். நல்ல மனுஷி, குரலில் கடுமை இல்லை. "கட்டாயப்படுத்தக் கூடாது. வேண்டாங்கிறது அவர் இஷ்டம், அதையும் நாம மதிக்கணும். எவ்வளவு நாள்தான் அவரும் போராடுவாரு. ஜெபராணி, தொடச்சுவிடு." மதிக்கிறார்கள். எனக்குச் சிரிக்க வேண்டும் போலவும் இருக்கிறது, ஓவென்று அழ வேண்டும் போலவும் இருக்கிறது. ஜெபராணி ஈரத்துணியால் என் வாயைத் துடைக்கிறாள், நாடியைத் துடைக்கிறாள், விரலைப் போட்டு வலது கன்னத்துக்குள் ஒளிந்திருந்ததை எடுக்கிறாள், கழுத்தில் கட்டிய துண்டை அவிழ்க்கிறாள். அவள் கண் கலங்கியிருக்கிறது, என்மேல் கோபமும் இருக்கிறது, இருக்கட்டும். துண்டை அவிழ்த்துவிட்டால் சாப்பாடு முடிந்தது. துணிகளை அள்ளிக்கொண்டு அவளும் வெளியே போகிறாள், வராந்தாவில் சிஸ்டர் போனில் பேசுவது கேட்கிறது, "ஆமா டாக்டர், பாதிக்கு மேல அவரே வேண்டாம்னுட்டாரு. ஆமா, சாயங்காலமே வச்சிரலாம்." முடிந்தது. வடிவு, முடிந்துவிட்டது. இனிமேலாவது உட்கார்.

உட்காரவில்லை. "எனக்கு என்ன சோறு வேண்டிக்கெடக்கு," என்கிறாள், வார்த்தை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருகிறது. குழறல் வந்துவிட்டது. இதற்குமேல் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை, வடிவு. இதுதான் கடைசி. இடது கையால் நாற்காலியைத் தட்டுகிறேன், தட்டிக்கொண்டே இருக்கிறேன், சத்தம்கூட வரவில்லை. அவள் என்னைப் பார்க்கிறாள், நாற்காலியைப் பார்க்கிறாள், அதன்மேல் தொப்பென்று விழுகிற மாதிரி உட்காருகிறாள். மேஜையில் என் கிண்ணம் இருக்கிறது. அவள் கை தானாக அதன் பக்கம் போகிறது. "இம்புட்டையும் கொட்டவா?" என்று யாரையோ கேட்கிறாள். கிண்ணத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, என் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, கையால் வழித்து வாயில் போட்டுக்கொள்கிறாள். இன்னொரு வாய். பருப்பையும் சுரைக்காயையும் சேர்த்து, சேர்த்தால் என்ன, தின்னு. தின்னு தாயீ. தோள் ஏறி இறங்குகிறது. கிண்ணத்தை வழிக்கிற சத்தம். அப்புறம் கூடைக்குள் கை போகிறது, டப்பா திறக்கிறது, புளிக்குழம்பு வாசனை அறை முழுக்க வருகிறது, சோற்றைப் பிசைந்து பெரிய பெரிய கவளமாக எடுத்துப் போடுகிறாள். இவ்வளவு ஆசையாகச் சாப்பிடுவாளா இவள்? எத்தனை வருஷமாக அந்தப் பக்கமாகவே திரும்பித் தின்றிருக்கிறாள், எனக்குத் தெரியாமலே போய்விட்டதே. கழுத்து வியர்வை காய்கிறது. கை நடுக்கம் நின்றுவிட்டது, எண்ணெய் சொட்டாமல் எடுக்கிறாள். "ஒங்களுக்கு இந்த வீம்பு ஆகாது," என்கிறாள் வாயில் சோற்றோடு, ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக, "ரெண்டு வாய் கூடத் தின்னிருந்தா என்ன கொறஞ்சிரும்? என்னை நெனச்சீகளா நீங்க?" எனக்குப் பசிக்கிறது. பாதிக் கிண்ணம் தின்ற வயிறு மீதிக் கிண்ணத்தைக் கேட்கிறது, குழம்பு வாசனை மூக்கில் ஏறி வாய் முழுக்க நீர் ஊறுகிறது, அவள் ஒவ்வொரு கவளமாக எடுக்க எடுக்க, என்னைக் கேட்காமலே, என் வாய் திறக்கிறது. கரண்டி வரும்போது திறக்கிற மாதிரியே திறந்திருக்கிறது. பார்த்தாளென்றால் டப்பாவைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவாள். இன்னும் நாலு வாய்ச் சோறு இருக்கிறது அவளுக்கு. இடது கையை மார்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளி, நாடியைத் தொட்டு, அவள் திரும்புவதற்குள் என் வாயை மூடிவிட்டேன்.